சொல்லும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள்

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்த வாரத்தில் எனக்கு உடம்பில் ஒரு வலியும் இல்லை. இடது மார்பில் இருந்த கட்டி, தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் வாரக் கடைசியில் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் போயிற்று. காரணம் போன். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எப்படித் தெரிந்தது, மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமில் என்ன வந்தது, எந்த நிலை, மருத்துவர் என்ன சொன்னார். சொல்லி முடித்ததும் மறுமுனையில் அழுகை. "அதெல்லாம் சரியாயிடும், நீ அழாதே" என்று நான் அவர்களைத் தேற்ற வேண்டும். வைத்த கையோடு அடுத்த போன் அடிக்கும்.

அப்படி ஒரு மாலையில்தான் என் பள்ளித் தோழி வீட்டுக்கு வந்தாள். நான் யாருக்கோ கதை சொல்லி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இனிமே இதை நீ யாருக்கும் சொல்ல வேண்டாம்டி. யாருக்குத் தெரியணும், யாருக்கு இப்போதைக்கு வேண்டாம், எவ்வளவு தெரியலாம், இந்த மூணை மட்டும் எனக்குச் சொல்லு. மீதியை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

இருவரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினோம். முதல் பக்கத்தில் எல்லாம் தெரிய வேண்டியவர்கள். அடுத்த பக்கத்தில், சிகிச்சை நடக்கிறது என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும் என்பவர்கள். மூன்றாவது பக்கத்தில், நானே நேரில் சொல்லும்வரை தெரிய வேண்டாம் என்பவர்கள். அன்றிரவே அவள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். அதில் அவள் மட்டுமே எழுத முடியும்படி வைத்திருந்தாள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் நாலு வரி எழுதுவாள், என்னிடம் காட்டுவாள், நான் சரி என்ற பிறகுதான் போடுவாள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "படித்தால் போதும், அவளுக்கு போன் செய்ய வேண்டாம். கேட்க வேண்டியது இருந்தால் என்னைக் கேளுங்கள்."

எனக்காக எத்தனையோ பேர் எத்தனையோ செய்தார்கள். எல்லாவற்றிலும் எனக்குப் பெரியதாகத் தோன்றுவது இதுதான். போன் செய்தவர்களின் அழுகையை அவள் வாங்கிக்கொண்டாள். எனக்கு மிஞ்சியிருந்த தெம்பு முழுவதும் எனக்கே கிடைத்தது.

"என் தோழிக்கு மார்பகப் புற்றுநோய், நான் என்ன செய்யலாம்?" என்று இப்போது சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நடந்ததைத்தான் சொல்ல முடியும். என்னுடையது ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, அதாவது உடம்பில் இருக்கும் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்வது. முதலில் அறுவை, அப்புறம் கீமோ, அப்புறம் ரேடியேஷன், இப்போது மாத்திரை. ஒவ்வொருவருக்கும் இந்த வரிசையும் மருந்தும் மாறும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் அவள்தான் கூட வந்தாள். என் கணவரும் வந்தார். ஆனால் அவரும் என்னைப் போலவே பயந்துபோயிருந்தார். இருவருமே கேட்டோம், இருவர் மண்டையிலும் ஏறவில்லை. அவள் முந்தின நாளே கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகள் உண்டா, ஹெர்2 என்ற புரதத்துக்கான சோதனையில் என்ன வந்திருக்கிறது, மார்பு முழுவதையும் எடுக்க வேண்டுமா, கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, அக்குளில் எத்தனை நிணநீர் முடிச்சுகளை எடுப்பீர்கள், கை வீங்குமா. மருத்துவர் பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். புரியாத இடத்தில், "டாக்டர், அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று தயங்காமல் கேட்டாள். எனக்கு அந்தச் சந்திப்பில் நினைவிருப்பது மேசையின் விளிம்பு மட்டும்தான். வீட்டுக்கு வந்து அவள் நோட்டைப் படித்துத்தான் எனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொண்டேன்.

செய்தி தெரிந்தவர்கள் அனைவரும் சொன்ன ஒரு வாக்கியம் உண்டு: "ஏதாவது வேணும்னா சொல்லு." மனதாரச் சொன்னார்கள், எனக்குத் தெரியும். ஆனால் என்ன வேண்டும் என்று நான் யோசிக்க வேண்டும். யாரைக் கேட்கலாம் என்று பார்க்க வேண்டும். அவருக்கு வசதிப்படுமா என்று தயங்க வேண்டும். கீமோ முடிந்து சுருண்டு படுத்திருப்பவளால் அது ஆகிற காரியமா? என்னிடம் பலித்தது வேறு மாதிரிப் பேச்சு. "செவ்வாயும் வியாழனும் உன் பையனை ஸ்கூல்லேருந்து நான் கூட்டிட்டு வர்றேன். வேண்டாம்னா மட்டும் சொல்லு" என்றாள் ஒருத்தி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிகிச்சை முடியும்வரை அந்த இரண்டு நாளைப் பற்றி நான் யோசிக்க வேண்டியே வரவில்லை.

அறுவைக்குப் பிறகு வந்தது டிரெயின் குழாய். அக்குளுக்குக் கீழே தோலுக்குள்ளிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே வந்து, கையெறி குண்டு அளவுக்கு ஒரு மிருதுவான பிளாஸ்டிக் குமிழில் முடியும். உள்ளே சேரும் நீர் அதில் வடியும். காலையிலும் மாலையிலும் அதைக் காலி செய்து, அளந்து, எழுதி வைக்க வேண்டும். என் கணவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். முதல் நாள் முயன்று பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தோழி வேதியியல் ஆசிரியை. "இதை என்கிட்ட விடுங்க" என்று அந்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்குப் போகும் அவசரத்திலும் அவள் அதைச் செய்த ஒழுங்கை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவாள். குழாயில் ஏதாவது உறைந்து அடைத்திருக்கிறதா என்று விளக்குக்கு எதிரே பார்ப்பாள். மேல்முனையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் மெதுவாகக் கீழ்நோக்கி வழித்துவிடுவாள். மூடியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றுவாள். கோப்பையைத் தட்டையான இடத்தில் வைத்து, தானே குனிந்து கண்ணை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து படிப்பாள். பிறகு குமிழை நன்றாக அமுக்கி, காற்றை வெளியேற்றி, அமுக்கின கை எடுக்காமலே மூடியைப் போடுவாள். அப்போதுதான் அது மறுபடி உறிஞ்சும். நோட்டில் நேரம், மில்லிலிட்டர், நிறம் என்று மூன்று கட்டம் போட்டிருந்தாள். நிறம் என்ற கட்டத்தில் முதலில் சிவப்பு, அப்புறம் வெளிர்சிவப்பு, அப்புறம் வைக்கோல் மஞ்சள். ஒரு நாளைக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே வந்தால் எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தொடர்ந்து அதற்குக் கீழே வந்த அன்று, தன் மாணவி முழு மதிப்பெண் வாங்கிய மாதிரி நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

குழாய் எடுத்த பிறகு கைப் பயிற்சியும் அவள் பொறுப்பாயிற்று. சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே சுவரில் மேலே மேலே ஏற வேண்டும். தோள் இறுகிவிடாமல் இருக்க இது முக்கியம். ஏறமுடிந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. வலிக்கும்போது எனக்குக் கோபம் வரும். அவள் காதில் வாங்க மாட்டாள். "நேத்து இங்கே வந்தீங்க, இன்னைக்கு இதுக்கு மேலே ஒரு விரல்" என்பாள். அந்தக் கையை என்னால் இன்று தலைக்கு மேலே முழுதாகத் தூக்க முடிகிறதென்றால் அவளுக்கும் அதில் பங்கு உண்டு.

கீமோவுக்குத் துணையாக வந்தது நான் எதிர்பாராத ஒருத்தி. அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காரும் இளம்பெண். அதுவரை நாங்கள் வேலையைத் தவிர வேறெதுவும் பேசியதாக நினைவில்லை. "அக்கா, நான் லேப்டாப்ப எடுத்துக்கிட்டு உங்க பக்கத்துல உக்காந்து வேலை பார்க்கிறேன். நீங்க பேசினா பேசறேன், தூங்கினா தூங்குங்க" என்றாள். சரியாக அப்படியே செய்தாள். மணிக்கணக்கில் மருந்து ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால், நன்றாக இருப்பதுபோல் நாம் நடிக்க வேண்டியிருக்கும். விசைப்பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிக் கிடப்பது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

முதல் கட்டத்தில் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு மருந்துகள். டாக்ஸோரூபிசின் நல்ல சிவப்பு. நோயாளிகள் அதைச் சிவப்பு மருந்து என்றே சொல்வார்கள். அது ஏறும்போது வாயில் ஐஸ் துண்டை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், வாய்ப்புண் குறையும் என்று. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். மருந்தோடு கொடுத்த தாளை நான் மடித்து வைத்துவிட்டேன், அவள் முழுதும் படித்திருந்தாள். "அக்கா, இன்னைக்கு யூரின் சிவப்பா போகும். ரத்தம் இல்ல, மருந்தோட கலர்தான். பயந்துடாதீங்க" என்று கிளம்பும்போது காதருகே சொன்னாள். அன்றிரவு குளியலறையில் அந்த ஒரு வாக்கியம் என்னைக் காப்பாற்றியது.

கீமோ நாளில் வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி கிடக்கும், கண் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கும் அந்த நேரத்தில் பயம் வரும். என் கல்லூரித் தோழி வெளிநாட்டில் இருக்கிறாள். எனக்கு நடுராத்திரி, அவளுக்குப் பகல். "முழிச்சிருந்தா ஒரு புள்ளி மட்டும் அனுப்பு" என்று சொல்லி வைத்திருந்தாள். நான் ஒரு புள்ளி அனுப்புவேன், அவள் கூப்பிடுவாள். நானாக எடுத்தால் ஒழிய நோயைப் பற்றிப் பேசக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். மகளுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தரும் கதையைத் தொடர்கதையாகச் சொன்னாள். வாராவாரம் அந்தப் பெண் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து தேர்வில் தேறியதுவரை எனக்கு எல்லாம் தெரியும். சில இரவுகளில் நான் சாவைப் பற்றிப் பேசினேன். அப்போது அவள் பேச்சை மாற்றவில்லை, "அப்படியெல்லாம் பேசாதே" என்றும் சொல்லவில்லை. "எதை நினைச்சா ரொம்ப பயமா இருக்கு?" என்று கேட்டாள். அப்படிக் கேட்டது அவள் ஒருத்திதான்.

முடி, முதல் கீமோ முடிந்து மூன்றாம் வாரத்தில் கொட்டியது. இதைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். குளித்துவிட்டு வந்தால் குளியலறைத் தரையில், வடிகால் வலையில் கொத்துக் கொத்தாக முடி கிடக்கும். அதைக் குனிந்து அள்ளுவதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. பள்ளித் தோழியிடம் ஒரு முறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் தினமும் அலுவலகம் போகும் வழியில் வந்து, நான் குளித்து முடித்ததும் உள்ளே போய், சுத்தம் செய்துவிட்டுப் போவாள். அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் கிடையாது. ஒரு வாரத்தில் மொட்டை போட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகு ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கும். "கவுன்ட் குறைஞ்சிருக்கு" என்பார்கள். அப்போது சாதாரணத் தொற்றும் ஆபத்து. அந்த நாட்களில் வராமல் இருப்பதும் அன்புதான். "அக்கா, தொண்டை கரகரன்னு இருக்கு. நான் வரலை, எனக்குப் பதிலா ஆள் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று அந்த அலுவலகப் பெண் ஒரு முறை செய்தி அனுப்பினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்க்க வந்து கையைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. அன்பில் குறை இல்லை, ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டால் எந்த நேரமானாலும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பள்ளித் தோழி இதைக் கேட்டதும் ஒரு தாளில், ராத்திரியில் கூப்பிட்டால் கார் எடுத்து வரக்கூடியவர்களின் பெயரையும் எண்ணையும் வரிசையாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். கீழே மருத்துவமனை அவசரப் பிரிவு எண், என் ரத்த வகை, நான் சாப்பிடும் மருந்துகள். எனக்கு அது தேவைப்படும் என்று அப்போது தோன்றவில்லை. கணவர் வேலையாக வெளியூர் போயிருந்த ஓர் இரவில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, என் மகன் அந்தத் தாளில் முதல் எண்ணைக் கூப்பிட்டான். வந்த தோழி வீட்டு உடையிலேயே வந்தாள். இன்னொருத்தி மகனோடு தங்கிக்கொண்டாள். போய்ச் சேர்ந்ததும் ரத்தம் எடுத்து, முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கும் நேரம்கூட வீணாகவில்லை.

இரண்டாம் கட்டத்தில் வாராவாரம் பாக்லிடாக்ஸல். அது நரம்பைத் தொடும் மருந்து. விரல் நுனிகள் மரத்துப் போயின. சட்டைப் பொத்தான் போட முடியாது, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியாது. பகலில் வீட்டில் தனியாக இருக்கும்போது தாகம் எடுக்கும், மாத்திரை நேரம் வரும், ஒரு மூடி திறக்காது. அழுகையே வந்துவிடும். ஒரு நாள் ஆசிரியைத் தோழி இதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் காலை பள்ளிக்குப் போகும்முன் வந்து, வீட்டிலிருந்த எல்லா மூடிகளையும் ஒரு தடவை திறந்து, கை பட்டாலே சுழல்கிற அளவுக்குத் தளர்வாகப் போட்டுவிட்டுப் போனாள். தண்ணீர் பாட்டில், மருந்து டப்பா, ஷாம்பு, பற்பசை எல்லாவற்றையும். நான் கேட்கவில்லை. இதையெல்லாம் கேட்கவும் தோன்றாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், காணாமல் போனவர்களையும் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் பழகிய ஒருத்தி, விஷயம் தெரிந்த நாளில் ஒரு முறை பேசினாள், அப்புறம் பேச்சே இல்லை. கீமோ நடந்த மாதங்கள் முழுக்க அவள் எண்ணிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. எனக்கு மிகவும் வலித்தது. குழாய் எடுத்த வலியெல்லாம் ஒன்றுமே இல்லை. எல்லாம் முடிந்து வெகு நாள் கழித்து, "என்ன சொல்றதுன்னு தெரியலை" என்று எழுதினாள். இப்போது பேசுகிறோம். பழையபடி இல்லை, ஆனால் பேசுகிறோம். என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பதையே அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும். நான் எதிர்பார்த்தது வார்த்தையை இல்லை, அவளை.

வேறு சிலர் நிறையப் பேசினார்கள். சித்தி ஒருத்தி இதே நோயில் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னார்கள். சர்க்கரையை விட்டுவிட்டால் கட்டி கரையும் என்றார்கள். "பாசிட்டிவா இரு, பாதி நோய் போயிடும்" என்றார்கள். இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு ஆகவே ஆகாது. நோய் திரும்பி வந்தால் என் மனம் சரியில்லாததால் வந்தது என்றாகிவிடும் அல்லவா?

இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். 1989-இல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மார்பகப் புற்றுநோய் உடம்பில் பரவிய 86 பெண்களை வைத்து நடத்திய ஆய்வை வெளியிட்டார். வாராவாரம் குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவர்கள் சராசரியாக ஒன்றரை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்றது அது. ஆனால் 2001-இல் கனடாவில் 235 பெண்களிடம் அதே முறையைப் பரிசோதித்தபோது ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே பின்னால் மறுபடி செய்து பார்த்தார், மொத்தத்தில் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் கனடா ஆய்வில், குழுவில் இருந்தவர்களுக்கு மன வேதனை குறைந்திருந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. எனக்கு இது பெரிய ஆறுதல். தோழிகள் என் புற்றுநோயைக் குணப்படுத்த வேண்டியதில்லை, அது மருந்தின் வேலை. வலி குறைவாகத் தெரிவது சின்ன விஷயமா?

2006-இல் வந்த இன்னொரு ஆய்வு, மார்பகப் புற்றுநோய் வந்த 2,800-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்து பார்த்தது. நெருங்கிய உறவோ நட்போ இல்லாமல் தனித்திருந்தவர்களிடம் இறப்பு அதிகம் இருந்தது. கவனிக்க ஆள் இல்லாமல் போவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். எனக்கு இதில் மந்திரம் எதுவும் தெரியவில்லை. அந்தக் காய்ச்சல் இரவு தெரிகிறது. கார் எடுத்து வர ஆள் இருந்தது. அவ்வளவுதான்.

என்னைச் சுற்றி இத்தனை பேர் இருந்தார்கள். என் கணவரைச் சுற்றி யாரும் இல்லை என்பது பாதிக் கீமோ கடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லோரும் அவரிடம், "அவ எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். மார்பகப் புற்றுநோய் வந்து மீண்ட சூசன் சில்க் என்ற உளவியலாளர், தன் நண்பர் பேரி கோல்ட்மனோடு சேர்ந்து 2013-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் ஒரு யோசனையை எழுதினார். நோயாளியின் பெயரை எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதற்கு வெளியே மிக நெருங்கியவர்களுக்கு ஒரு வட்டம், அதற்கு வெளியே அடுத்தவர்களுக்கு ஒன்று. உங்களைவிட உள்வட்டத்தில் இருப்பவருக்கு ஆறுதல் மட்டுமே சொல்ல வேண்டும், உங்கள் பயத்தையும் புலம்பலையும் வெளிவட்டத்தில் இருப்பவரிடம் கொட்ட வேண்டும். பள்ளித் தோழி இதைப் படிக்காமலே என்னைச் சுற்றி அந்த வட்டத்தைப் போட்டிருந்தாள். கணவருக்கும் ஒருவர் வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவருடைய பழைய நண்பர் ஒருவர் காலையில் வந்து அவரை நடக்கக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். என்ன பேசுவார்கள் என்று நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது அவர் முகம் தெளிந்திருக்கும்.

ரேடியேஷன் தொடங்கும்போது கூட்டம் கலைந்துவிட்டது. கீமோ முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தலையில் முடி அரும்பிவிட்டால், "ஆளே மாறிட்டே!" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மாதக்கணக்கில் ஓடியிருக்கிறார்கள். ஆனால் ரேடியேஷன் வாரத்தில் ஐந்து நாள், இப்போது பலருக்கு மூன்று வாரம், சிலருக்கு அதற்கும் மேலே. மேசையில் படுத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கி அசையாமல் இருக்க வேண்டும். கதிர் படுவது சில நிமிடம், காத்திருப்பது அதைவிடப் பல மடங்கு.

தினமும் அதே நேரம் என்பதால் காத்திருக்கும் அறையில் அதே முகங்கள். அங்கேதான் எனக்கு ஓர் அக்கா கிடைத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சிகிச்சையில் ஒரு வாரம் எனக்கு முன்னால் இருந்தார். அந்த ஒரு வாரம் பெரிய விஷயம். எனக்கு நாளை நடக்கப்போவது அவருக்கு நேற்று நடந்திருக்கும். "கழுத்துக்கிட்ட கறுக்கும், பயப்படாதே. லூசான பருத்திச் சட்டை போடு. இவங்களைக் கேக்காம எதையும் தடவாதே. கிளம்பறதுக்கு முன்னாடி தோளை நாலு தடவை சுத்திட்டு வா" என்றார். தோழிகளிடம் கேட்க முடியாததை அவரிடம் கேட்க முடிந்தது. தழும்பைக் கண்ணாடியில் பார்க்கப் பழக எத்தனை நாளாகும், கணவர் தொடும்போது உடம்பு ஏன் விறைத்துக்கொள்கிறது, திரும்பி வந்துவிடுமோ என்ற நினைப்பு எப்போது போகும். கடைசிக் கேள்விக்கு, "எனக்கும் போகலை கண்ணு. நீ வந்த அப்புறம் பேச ஆள் இருக்கு" என்றார்.

1950-களில் நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் என்ற பெண்மணி, தனக்கு மார்பு எடுத்த பிறகு, அதே அறுவை முடிந்து படுத்திருந்த பெண்களைத் தேடிப்போய்ப் பார்க்க ஆரம்பித்தார். கையை எப்படித் தூக்குவது, எப்படி உடுத்துவது என்று சொல்லிக் கொடுத்தார். அப்போது மருத்துவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் அமெரிக்கப் புற்றுநோய் சங்கமே அதைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. அதைப் படித்தபோது எனக்கு அந்த அக்காதான் நினைவுக்கு வந்தார். உங்கள் தோழிக்கு நீங்கள் எவ்வளவு செய்தாலும், இதே வழியில் நடந்த ஒருவரை அவளுக்கு அறிமுகம் செய்துவைக்க முடிந்தால் செய்யுங்கள்.

இப்போது எனக்குத் தினமும் ஒரு டாமோக்ஸிஃபென் மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் புற்றணுக்களில் ஒட்டாமல் தடுப்பது. ஐந்து வருடம், தேவைப்பட்டால் பத்து வருடம்கூட என்றிருக்கிறார்கள். திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்து ஊற்றும், மூட்டு வலிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாட்ஸ்அப் குழுவைப் பள்ளித் தோழி ரேடியேஷன் முடிந்த அன்று மூடிவிட்டாள், எல்லோருக்கும் நன்றி சொல்லி. ஆனால் அவள் நோட்டு மூடவில்லை. அடுத்த சோதனை எப்போது, எந்த மருத்துவர், என்ன கேட்க வேண்டும் என்று பக்கங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

அடுத்த மாதம் மேமோகிராம். சோதனைக்கு முந்தின வாரம் எனக்குத் தூக்கம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தேதி சொன்ன அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இந்தத் தடவை கேட்க வேண்டியதில் மூட்டு வலியை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ரேடியேஷன் அக்காவுக்கு அதற்கு முந்தின வாரம் சோதனை, அவரோடு நான் போகிறேன்.